ரிங்லெட்டுக்குப் பெங்குயின் வந்த கதை

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குச் சிரித்த முகத்தோடு யாரும் வருவதில்லை. லேப்டாப்பைக் காய்ச்சல் கண்ட பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அக்கா, எல்லாமே இதுக்குள்ளதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே படியேறி வருவார்கள்.

மலேசியாவின் கேமரன் மலையில் இருக்கும் ரிங்லெட்டில், உரக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது என் கடை. விண்டோஸ் பத்துக்கு இனி பாதுகாப்பு அப்டேட் கிடையாது, பதினொன்றுக்குப் போங்கள் என்ற அறிவிப்பு வந்ததிலிருந்து கூட்டம் கூடிவிட்டது. பதினொன்றுக்குப் போகலாம் என்று பார்த்தால், 'உங்கள் கணினி தகுதி பெறவில்லை' என்று திரையில் பதில் வரும். நேற்று வரை ஒழுங்காக ஓடிய மெஷின். உங்கள் வீட்டிலும் ஒன்று அப்படித் தகுதி இழந்து அலமாரியில் கிடக்கும் என்று நினைக்கிறேன். நாமெல்லாம் ஒரே வார்டு நோயாளிகள்.

அப்படிப்பட்ட மெஷின்களுக்குத்தான் லினக்ஸ் போட ஆரம்பித்தேன். அதுவும் விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் ஒன்றுதான். காசு கொடுக்க வேண்டாம், வயதான மெஷின் என்று முகத்தைச் சுளிக்காது. அதன் சின்னம் ஒரு குண்டுப் பெங்குயின். எங்கள் மலைக் குளிருக்குப் பொருத்தமான பிராணிதான்.

முதல் நோயாளி

ஊருக்குப் போடுவதற்கு முன்னால் எனக்குப் போட்டுப் பார்த்தேன். கடை லேப்டாப்தான் பலி. மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், படிக்கு ஆள் வராது என்ற தைரியத்தில் விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் ஏற்றினேன். திரை அழகாக வந்தது. எல்லாம் வந்தது, வைஃபை மட்டும் வரவில்லை. வைஃபைக்கு டிரைவர் என்று ஒரு சின்ன மென்பொருள் வேண்டுமாம். அதை இணையத்திலிருந்து இறக்க வேண்டுமாம். இணையத்துக்குப் போக வைஃபை வேண்டும். பெட்டியைப் பூட்டி, சாவியை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இவ்வளவு காலம் ஊர் லேப்டாப்பையெல்லாம் சரி செய்தவள், என்னுடையதைக் கெடுத்துக்கொண்டேன். கடைசியில் கைப்பேசியைச் சார்ஜ் கேபிளால் லேப்டாப்போடு இணைத்து, கைப்பேசியின் இணையத்தைக் கொடுத்துப் பார்த்தேன். உடனே பிடித்துக்கொண்டது. டிரைவர் இறங்கியது, வைஃபை கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் டேவிட் காய்கறி லோரி ஓட்டுகிறார். கோபிஸ் என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோஸின் வாசனையோடு அப்போதுதான் படியேறி வந்தவர், கேபிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கல்யாணத்தன்னிக்குக்கூட நீ இப்படிச் சிரிச்சு நான் பாக்கல லா."

பாட்டுத் திரை

எங்கள் தேவாலயத்தில் பாடல் வரிகளைச் சுவரில் காட்டுகிற லேப்டாப்புக்கும் ஒரு சனிக்கிழமை லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். திறந்தது, மூடியது, புரொஜெக்டரோடு பேசியது. நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். பாட்டு ஒன்றைத் திறந்து பார்க்கத்தான் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை ஆரம்பித்தது. சபை எழுந்து நின்றது. 'தேவன் நல்லவர்' என்று வர வேண்டிய முதல் வரி சுவரில் பெரிதாக வந்தது: Njtd; ey;yth;. தமிழ் இல்லை, இங்கிலீஷும் இல்லை. அந்தப் பாடல்களை யாரோ பல வருஷத்துக்கு முன்னால் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார்கள். அந்த எழுத்துரு பழைய விண்டோஸோடு போய்விட்டது; அது இல்லாமல் தமிழெல்லாம் இப்படி அரைப்புள்ளியும் ஆங்கிலமுமாகத்தான் தெரியும். எனக்கு இது தெரியும். ஆனால் தெரிந்தது அந்த நிமிஷத்தில்தான் ஞாபகத்துக்கு வந்தது. சபையே திரும்பி என்னைப் பார்த்தது. பின்வரிசை இளவட்டங்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பாஸ்டர் மனைவி புரொஜெக்டரை அணைக்கச் சொல்லிக் கை காட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தார். ஞாபகம் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். இல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவர் வாயைப் பார்த்துப் பாடினார்கள். அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து, எல்லாப் பாட்டையும் எந்த மெஷினிலும், எந்தக் கைப்பேசியிலும் தெரிகிற யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு எழுத்து ஒவ்வொன்றும் பளிச்சென்று வந்தது. ஆராதனை முடிந்ததும் மூப்பர் செல்லையா அண்ணன் வாசலில் என்னை நிறுத்தினார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். "மாசத்துக்கு ஒருக்கா அதைக் கெடுத்து விடு எஸ்தர். போன வாரந்தான் எல்லாரும் வாயத் தொறந்து பாடுனாங்க."

தக்காளி ஸ்டிக்கர்

மலையில் கியா பார்ம் என்ற ஊரில் தக்காளித் தோட்டம் வைத்திருக்கும் லிம் முதலாளி சீனர், ஆனால் எங்கள் தமிழ் ஆட்களோடு வளர்ந்தவர். மலாயும் தமிழும் கலந்து தாராளமாகப் பேசுவார். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்து, "எனக்கும் பெங்குயின் போடு" என்றார். பேக்கிங் கொட்டகையில் இருந்த கம்ப்யூட்டருக்குப் போட்டுக் கொடுத்தேன். அந்த மெஷின் ஒரு தராசோடு இணைந்து, எடையைப் பார்த்து ஸ்டிக்கர் அடிக்கும் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் போன். போய்ப் பார்த்தால் கொட்டகை நிறையக் கூடை, வெளியே கோலாலம்பூர் லோரி இன்ஜினை அணைக்காமல் நிற்கிறது. ஸ்டிக்கர் அடிக்கும் புரோகிராம் விண்டோஸுக்காக யாரோ எழுதிக் கொடுத்தது. எழுதியவர் எங்கே என்று தெரியாது. விண்டோஸ் புரோகிராமை லினக்ஸில் ஓட்டப் பார்க்கும் ஒரு வழி உண்டு. அதையும் செய்தேன். புரோகிராம் திறந்தது. தராசு மட்டும் ஊமையாக நின்றது. வேலை செய்கிற பெண்கள் மார்க்கர் பேனாவால் அட்டையில் எடையை எழுதி ஒட்டினார்கள். லோரி போய்ச் சேர்ந்தது. ஆனால் எனக்குத் தலை நிமிரவில்லை.

நல்ல வேளை, பழைய டிஸ்க்கை அப்படியே பிரதி எடுத்து வைத்திருந்தேன். சாயங்காலத்துக்குள் விண்டோஸைத் திரும்பப் போட்டு, இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, "இது தராசுக்கு மட்டும். வேற எதுக்கும் இதைத் தொடாதீங்க" என்று சொன்னேன். முதலாளி கோபப்படுவார் என்று பார்த்தால், காரிலிருந்து தன் வீட்டு லேப்டாப்பை எடுத்து வந்து என் கையில் வைத்தார். "இதுக்குப் போடும்மா. தக்காளிக்கு வேணாம், தக்காளி பெங்குயின் பேச்சு கேக்காது."

சி டிரைவ் எங்கே?

சேவியர் ஐயா தேயிலைத் தோட்ட ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் ஊருக்கு அவர் கிராணி ஐயாதான். லினக்ஸ் போட்டுக் கொடுத்த அன்றிலிருந்து தினமும் போன் செய்தார். கேள்வி ஒன்றுதான். "சி டிரைவ் எங்கம்மா?"

லினக்ஸில் சி டிரைவ் என்று ஒன்று கிடையாது, உங்கள் பெயரில் வீடு மாதிரி ஒரு ஃபோல்டர் இருக்கிறது, எல்லாம் அதற்குள் இருக்கிறது என்று விதவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொள்வார். மறுநாள் அதே கேள்வி வரும். ஒரு நாள் லேப்டாப்போடு கடைக்கே வந்துவிட்டார். "எனக்குப் பழசே போதும். மாத்திக் குடு." வாதாடவில்லை. மெஷின் அவருடையது, பழகிய கை அவருடையது. விண்டோஸ் பென்டிரைவைத் தேட ஆரம்பித்தேன்.

அப்போது படியில் மூச்சு வாங்கும் சத்தம். அவர் மனைவி மேரியம்மா குடையோடு வந்து நின்றார். இவர் வெளியே போகிற நேரமெல்லாம் அந்த அம்மா அதைத் திறந்து, பெர்த்தில் இருக்கும் மகளோடு பேசிக்கொண்டிருந்தாராம். பேரப்பிள்ளை அனுப்பும் படங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறாராம். முன்பு திறந்து முடிப்பதற்குள் மகள் தூங்கப் போய்விடுவாளாம். இப்போது தொட்டதும் வருகிறதாம். கிராணி ஐயா நாற்காலியில் அப்படியே திரும்பி, மனைவியைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மேரியம்மா மேசையில் இருந்த லேப்டாப்பை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "உங்க சி டிரைவை நீங்க தேடிக்கிட்டு இருங்க, நான் மகள்கிட்ட பேசணும்."

சரசக்காவின் பாட்டு

ஆறுமுகம் அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவர் மனைவி சரசக்கா தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் பாடினால், மைக் இல்லாமலே தொழிலாளர்கள் குடியிருக்கும் மேல் லயம் வரை கேட்கும். பிறகு தொண்டையில் ஆபரேஷன். உயிர் பிழைத்தார். குரல் திரும்பவில்லை. இப்போது காற்று மாதிரி ஒரு கிசுகிசுப்புதான், அதையும் மற்றவர்கள் முன்னால் வெளியே விடமாட்டார்.

அவர் பாடிய பதிவுகளெல்லாம் அண்ணனுடைய பழைய லேப்டாப்பில் மட்டும் இருந்தன. அது ஒரு நாள் கறுத்த திரையோடு நின்றுவிட்டது. வேறு ஒரு கடையில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடத்தான் முடியும் என்று சொல்லிவிட்டார்களாம். ரெண்டு பேரும் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். "பாட்டு மட்டும் கெடச்சா போதும்மா, மெஷினு போகட்டும்" என்றார் அண்ணன். சரசக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டலாம். உள்ளே இருக்கும் எதையும் தொட வேண்டியதில்லை. பென்டிரைவைச் செருகி மெஷினைத் திறந்தேன். டிஸ்க்கின் பெயர் திரையில் வந்தது. வந்ததே தவிர, உள்ளே நுழைந்தால் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ஃபோல்டர்கள் வரிசையாகத் திறந்தன. 'திருவிழா' என்று ஒன்று. முதல் வேலையாக எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். அதற்குப் பிறகுதான் ஒன்றைத் தட்டினேன்.

உறுமியும் கூட்டத்தின் இரைச்சலும் முதலில் வந்தன. அதற்கு மேலே ஒரு குரல் எழும்பி வந்து கடையை நிறைத்தது. கீழே உரக்கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் படிவரை வந்துவிட்டார்கள். ஆறுமுகம் அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். சரசக்கா மட்டும் அழவில்லை. தலையைச் சாய்த்து, விரலால் மேசையில் தாளம் போட்டபடி கடைசி வரை கேட்டார். பாட்டு முடிந்ததும் என் பக்கம் குனிந்து, அத்தனை பேர் முன்னாலும் அந்தக் காற்றுக் குரலை வெளியே விட்டார். "ரெண்டாவது அடியில சுருதி கொஞ்சம் எறங்கிப் போச்சு."

அந்த லேப்டாப்புக்குப் புது டிஸ்க் போட்டு லினக்ஸையே உள்ளே வைத்துக் கொடுத்தேன். இப்போது சரசக்கா அதில் தோட்டத்துப் பெண்களுக்குப் பாட்டைப் போட்டுக் காட்டி, எங்கே தப்பு என்று கை தட்டிச் சொல்லித் தருகிறாராம்.

கம்ப்யூட்டரை மாற்றுவது ஒரு மத்தியான வேலைதான். அதன் முன்னால் உட்காரும் ஆளை மாற்றுவதற்குத்தான் கேமரன் மலையின் மழைக்காலம் முழுதும்கூடப் போதமாட்டேன் என்கிறது.