வசியத்தின் முதல் அர்த்தம்

என் சித்தப்பா, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு, எங்கள் தெருவிலேயே நான்கு வீடு தள்ளிக் குடிவந்தபோது நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சித்தி தமிழில் பட்டம் வாங்கியவர். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பொம்மை வார்க்கும் வேலை பார்த்தார். அப்பா அன்றோடு தம்பியிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

“வசியம் வச்சிட்டா. இல்லன்னா இந்தப் புள்ள இப்படிப் போவுமா?” என்று அம்மா போனில் யாரிடமோ சொன்னதைக் கேட்டேன். வசியம் என்பது சீயக்காய் மாதிரி பொட்டலத்தில் கிடைக்கும் பொருள் என்று நினைத்துக்கொண்டேன். சித்தி தினமும் சாயங்காலம் முழங்கை வரை வெள்ளைப் பொடியோடு வேலையிலிருந்து திரும்புவதைப் பார்த்ததும் சந்தேகமே போய்விட்டது.

எனக்குச் சித்தப்பா வேண்டும். அவர் இல்லாமல் என்னைச் சைக்கிளில் உட்கார வைத்துக்கொண்டு போக ஆளில்லை. அவர் மேல் வேலை செய்த பொடி அப்பா மேலும் செய்யும்தானே! சித்தி புடவைக்கு மேல் போட்டுக்கொள்ளும் பழைய சட்டை கொடியில் தொங்கியது. அதன் பையிலிருந்த பொடியைக் காகிதத்தில் தட்டி எடுத்துவந்து அப்பாவின் டீயில் கலக்கினேன்.

ஒரே வாயில் அப்பா துப்பிவிட்டார். நான் அழுதுகொண்டே, “சித்தி வூட்டு வசியப் பொடி” என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அப்பா டம்ளரோடு கிளம்பினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

வாசலில் அப்பாவைக் கண்டதும் சித்தப்பா சுவரோடு ஒட்டிக்கொண்டார். விஷயத்தைக் கேட்ட சித்தி டம்ளரை வாங்கி, மிச்ச டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.

“பொம்மை செய்யுற மண்ணு மாமா இது. டீல சக்கரைதான் கம்மியா இருக்குது.”

பயமோ கோபமோ இல்லாத அந்தக் குரலை இன்றும் வியக்கிறேன். சித்தி மேலும் சொன்னார்: “வசம்ங்கறதுலேர்ந்து வந்ததுதான் வசியம். வடமொழியில வசம்னா மொதல்ல விருப்பம்னுதான் அர்த்தம். அடக்கி வைக்கிறதுங்கறது இன்னொரு அர்த்தம். மொத அர்த்தத்துல பாத்தா அக்கா சொல்றது சரிதாங்க மாமா.”

அப்பா காலி டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு சித்தப்பாவின் பக்கம் திரும்பினார்.

“வேலைக்குப் போறப்ப மூஞ்சிக்குத் துணி கட்டிக்கச் சொல்லுடா. தூசி நெஞ்சுல எறங்கிடும்.”

சித்தப்பா அழுதுவிட்டார். பொடி பலித்துவிட்டது என்று நான் குதித்தேன். பல மாதங்கள் அப்படியே நம்பிக்கொண்டும் இருந்தேன்.

அன்று டம்ளரோடு எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும் முன் அப்பா பீரோவைத் திறந்து, தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, தலையும் வாரிக்கொண்டதை நான் பார்த்தேன். சண்டைக்குப் போகிறவருக்கு அதெல்லாம் எதற்கு என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.