அணு உலை மண்ணைத் தொட்ட கைகள்

அணு ஆயுதம் வேண்டாம் என்று நியூசிலாந்து சட்டம் போட்ட 1987-ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோவில் வாடகைக்கு இருந்தோம். மூத்தவன் அங்கேதான் பிறந்தான்.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரர் தனியாக இருந்தார். வலி வந்ததும் என்னைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டவரே அவர்தான். பிள்ளையோடு திரும்பியபின் மட்டும் உள்ளே வரவில்லை. பிள்ளை பிறந்தால் வரும் தீட்டான எங்கள் துடக்கைப் பற்றி யாரோ சொல்லிவிட்டார்களாக்கும் என்று நினைத்தேன்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்தோம். ஐயருக்கு எங்கே போவது? என் கணவரே செம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து வீடெங்கும் தெளித்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரரைச் சாப்பிட அழைத்தோம். வந்தவரிடம் பிள்ளையை நீட்டினேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விலகினார். எனக்குச் சுரீரென்றது. கறுத்தப் பிள்ளை என்றுதானே!

"கொஞ்சம் பொறுமப்பா, அந்த மனுசன் என்னவோ சொல்ல வாறார்" என்றார் கணவர்.

அண்டார்டிக்காவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு அணு உலையிலிருந்துதான் மின்சாரம் வந்ததாம். அது பழுதாகி மூடியபின், உலையையும் சுற்றியிருந்த மண்ணையும் அள்ளிக் கப்பலில் அனுப்பினார்களாம். அந்த வேலைக்குக் கூலிக்குப் போனவர்களில் இவரும் ஒருவர். ஆபத்தில்லை என்றார்களாம், இவருக்கு நம்பிக்கை வரவில்லை; கதிர்வீச்சு தன் கைகளில் ஒட்டியிருக்கும் என்று பயம். ஏவன்டேலில் இருக்கும் மகளின் குழந்தையைக்கூட இன்னும் தூக்கியதில்லை.

பிறகு, செம்பைக் காட்டி அது என்ன என்று கேட்டார். முப்பத்தொரு நாள் துடக்கு அந்தத் தண்ணீரோடு கழியும் என்று கணவர் விளக்கினார். "அப்படியானால் எந்த நாளோடு முடியும் என்று உங்களுக்குத் தெரியும்" என்றார் அவர். "எனக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை."

அவர் கைகளை நீட்டினார். கணவர் தயங்கினார். "இந்தத் தண்ணி அதைக் கழுவுமே?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். கழுவாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் செம்பை வாங்கி அந்தக் கைகளில் தெளித்தேன். பிள்ளையையும் வைத்தேன். பயம் எனக்கும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அவர் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு ஏவன்டேலுக்குப் போனார். தொட்டால் ஒட்டாது என்று பின்னாளில் ஒரு டாக்டர் எனக்கு இரண்டு நிமிடத்தில் விளக்கினார். அந்த இரண்டு நிமிடத்தை அந்த மனுசனுக்கு ஒருவரும் கொடுக்கவில்லையே என்பதுதான் இன்றும் என் மனம் ஆறாத விஷயம்.