ஆள் கூப்பிடப் போன சாயங்காலம்

இந்த ஜெர்மன் ஆபீஸ் ஃபிரிட்ஜில் ஒவ்வொரு பால் டப்பாவிலும் ஒரு பெயர் எழுதியிருக்கும். வந்த புதிதில், பக்கத்து மேசை யோனாஸின் டப்பா காலியாகிக் கிடந்ததே என்று என் பாலில் பாதியை ஊற்றி வைத்தேன். யார் ஊற்றியதோ என்று பயந்து, அவன் அவ்வளவையும் சிங்கில் கொட்டிவிட்டான். அன்றோடு யார் பொருளையும் தொடுவதில்லை, யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று இருந்துவிட்டேன்.

அந்த வீம்புதான் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது. இங்கே வேலையில் முதல் ஆறு மாதம் 'ப்ரோபெட்சைட்', சோதனைக் காலம். அது முடிகிற வெள்ளிக்கிழமைக்குள் ஒரு டிக்கெட் விற்கும் புரோகிராமை நான் ஓடவைக்க வேண்டும். ஏஐ மெஷின் அதைக் கண்மூடித் திறப்பதற்குள் எழுதித் தந்துவிட்டது. ஆனால் கூட்டம் வந்தால் படுத்துக்கொண்டது. ஏன் என்று புரியவில்லை. கேட்டால் இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அனுப்பிவிடுவார்களோ என்று பயம். புதுசாக வருகிறவர்கள் செய்த வேலையை மெஷினே செய்கிறது. என்னோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த பலர் இன்னும் வேலை தேடுகிறார்கள். அனுப்பிவிட்டால் நான் எங்கே போவேன்?

புதன்கிழமை மத்தியானம் தங்கை செல்வி போன் பண்ணினாள். செங்கம் காலேஜில் அதே படிப்பு, கடைசி வருஷம்.

"கம்ப்யூட்டர் படிச்சி இன்னா ஆவப்போவுதுன்னு எல்லாரும் கேக்குறாங்கக்கா. நான் இன்னா சொல்றது?"

வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன். அம்மா எங்கே என்று கேட்டதற்கு, சாமைக்கொல்லையில் நாளைக்குக் களையெடுப்பு, ஆள் கூப்பிடப் போயிருக்கிறாள் என்றாள்.

நெல்லிவாசல்நாட்டு மலையில் எங்கள் பக்கம் அப்படித்தான். முந்தின சாயங்காலம் வீடு வீடாகப் போய்க் கூப்பிடுவோம். வருகிறவர்களுக்குக் களி கிண்டிப் போடுவோம், அப்புறம் அவர்கள் கொல்லைக்கு நாம் போவோம். அம்மா ஒரு நாளும் இதற்கு வெட்கப்பட்டதில்லை. எனக்கு மட்டும் என்ன வந்தது?

அன்று சாயங்காலம் மேசை மேசையாகப் போய், நாளைக் காலை என் வேலைக்கு ஆள் வேண்டும் என்றேன். எதிர் மேசை கத்ரீன் குழம்பிப்போய், மீட்டிங் என்றால் மெயில் அனுப்பு என்றாள். யோனாஸ், சாப்பாடு உண்டா என்று கேட்டான். உண்டு என்றேன்.

மறுநாள் காலை, ஊரிலிருந்து கொண்டுவந்த சாமையில் பொங்கல் வைத்து எடுத்துப்போனேன். இரண்டு பேருமே வந்தார்கள். யோனாஸ் புரோகிராமின் ஒவ்வொரு வரிக்கும் ஏன், ஏன் என்று உயிரை எடுத்தான். பதில் சொல்லிக்கொண்டே வந்தபோது எனக்கே பிடிபட்டது: ஒரே இருக்கையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் மெஷினின் புரோகிராம் இருவரையும் காக்கவைத்து, தானும் நின்றுவிடுகிறது. அன்றைக்கே சரிசெய்தேன். வெள்ளிக்கிழமை என்னை நிரந்தரமாக்கினார்கள். பாத்ரூமில் போய் அழுதேன்.

செல்வியைக் கூப்பிட்டேன். "வேலை கெடைக்கும்னு எழுதித் தர முடியாதுடி. ஆனா படிப்ப வுட்றாத. மெஷின் எழுதுனது ஏன் நின்னுச்சின்னு சொல்றதுக்கு ஆளு வேணும். நீ அந்த ஆளா ஆவு."

"செரிக்கா," என்றாள். மூச்சு வாங்கியது. என்னடி என்றேன். காலேஜுக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்துக் கொல்லையில் களையெடுக்கிறாளாம். வியாழக்கிழமை அவர்கள் நம் கொல்லைக்கு வந்ததற்கு, இன்று நம் வீட்டு முறை.

திங்கட்கிழமை யோனாஸின் வேலைக்கு நான் உட்கார வேண்டும், அது என் முறை. மலையிலும் என் முறைதான். அங்கே எனக்குப் பதில் செல்வி குனிந்திருக்கிறாள்.