சாக்கு நெத்திலியில் அப்பா தேடியது

எங்கள் அப்பா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. மைசூர் மார்க்கெட்டின் பின்புறம் அவர் நடத்திய கருவாட்டுக் கடையை இந்நினைவு மலரைப் பெறும் எல்லோரும் அறிவீர்கள். அவரை விடாமல் அலைக்கழித்ததை அறிந்தவர்கள் சிலரே.

கௌதள்ளி கிராமத்தில் மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மழை பொய்த்த வருடம் தம்பியோடு மங்களூர்க் கரைக்குப் பிழைக்கப் போனார். சித்தப்பா படகில் போய் நெத்திலிக் கூட்டத்தை வலையால் வளைப்பார்; அப்பா கரையில் அதை உப்பிட்டு மணலில் உலர்த்துவார். ஒரு மாலை படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்தி வந்தார்கள். சித்தப்பா வரவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. அப்பா எங்களையும் சித்தப்பாவின் மனைவியான சித்தியையும் அழைத்துக்கொண்டு மைசூருக்கு வந்து கடை வைத்தார்.

அதே கரையின் நெத்திலிதான் கடைக்கு வரும். விற்றாரே தவிர, ஒருநாளும் அவர் வாயில் வைத்ததில்லை. ஒவ்வொரு சாக்கையும் தரையில் கொட்டிக் கையால் துழாவிய பிறகே தராசுக்கு விடுவார். "உங்க கடை நெத்திலியில மணலே இருக்காது" என்று வாடிக்கையாளர்கள் மெச்சுவார்கள். அப்பா அடுத்த சாக்கைப் பிரிப்பார்.

ஒருநாள் சித்தி கேட்டே விட்டார்.

"ஏனுங்க மாமா, அப்புடி என்னத்தத் தேடறீங்க?"

"அன்னைக்கு அவன் போட்டிருந்த மோதரம். அது கெடச்சுட்டா, அவன் போயிட்டான்னு தெரிஞ்சு போயிருமில்ல."

"கெடைக்காமயே இருக்கட்டுமுங்க."

கருவாட்டுச் சாக்கில் மோதிரம் வருமா என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தவன்தான். பிறகு சாக்குப் பிரிக்கும் சத்தம் கேட்டாலே கடையை விட்டு வெளியே போய்விடுவேன். அது கிடைக்காமல் தம்பிக்குக் கருமாதி செய்வதில்லை என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். சித்தி பூவும் பொட்டுமாகவே இருந்தார். கல்யாண வீட்டில் அவரை எங்கே நிறுத்துவதென்று நம் சொந்தங்களுக்கே தெரியவில்லை.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், நினைவு தடுமாறிய அப்பாவின் விரல்கள் போர்வையைத் துழாவிக்கொண்டே இருந்தன. திடீரென்று கையை மூடிச் சித்தியிடம் நீட்டினார்.

"கெடச்சிருச்சம்மா."

விரித்த கையில் ஒன்றுமில்லை. சித்தி அதை இரு கைகளாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, முந்தானையில் முடிந்துகொண்டார்.

"ஆமாங்க மாமா. அவரோடதுதானுங்க."

அதன்பிறகு அப்பா எதையும் தேடவில்லை.

சிகிச்சையளித்த டாக்டருக்கும், ஊருக்கெல்லாம் தகவல் சொன்ன எஸ்.டி.டி. பூத் நண்பருக்கும், கௌதள்ளியிலிருந்து பஸ் ஏறி வந்து தோள் கொடுத்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

ஸ்ரீரங்கப்பட்டணம் பச்சிமவாகினி ஆற்றுத்துறையில் அப்பாவின் அஸ்தியைக் கரைத்த அன்றே சித்தப்பாவுக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டோம். செய்யச் சொன்னவர் சித்தி. இடுப்பளவு தண்ணீரில் நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்து ஆற்றில் உதறினார். பிறகு, யாரும் சொல்லாமலே, தாலியைத் தாமே கழற்றினார்.