மஃரிப் நேரம் மாறாத திரை

என் கூட்டாளி, அவன் இப்போது கட்டாரில் இருக்கிறான். அதற்கு முன் நாங்கள் இருவரும் கல்முனையில் ஒரு கடையின் மேல்மாடியில் இணையப் பக்கங்கள் செய்துகொண்டிருந்தோம். இரண்டு பேருமே பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். அவன் படித்துச் சொல்வான். நான் கணினியில் தட்டுவேன்.

முதல் பெரிய வேலை பள்ளிவாசலின் நேரத் திரை. சுவரில் ஒரு டீவி. ஐந்து வேளைத் தொழுகை நேரமும் அதில் தெரிய வேண்டும். பாங்கு சொல்லும் மோதினார் தன் போனில் நேரத்தை மாற்றினால் திரை தானே மாற வேண்டும்.

அதற்கு ஒரு வழி உண்டு. நிரலில் ஒரு பெயருக்கு மேலே அட் குறி போட்டு 'புரொப்பர்ட்டி' என்று எழுதுவோம். டெக்கரேட்டர் என்பார்கள். அது இருந்தால், அந்தப் பெயரில் உள்ளது மாறும்போது திரையும் மாறும். இல்லாவிட்டால் உள்ளே மாறும், திரைக்குத் தெரியாது. அவ்வளவுதான். முதல் தடவை திரை மாறியபோது அவன் மேசையில் அடித்துச் சிரித்தான்.

அவன் அப்போது வெளிநாடு போக மெடிக்கல் எல்லாம் முடித்திருந்தான்.

"இது சரி வந்தா மத்தப் பள்ளிகளும் கூப்பிடும் மச்சான். நான் போக மாட்டன்," என்றான்.

பள்ளிவாசல் தலைவர் முதலே சொல்லிவிட்டார்: "ஒரு நாள் பிழைச்சாலும் கழட்டிருவம். நோம்பு விளையாட்டில்ல."

முதல் நோன்பு. பின்னேர அஸர் தொழுது முடிந்து, முற்றத்தில் கஞ்சிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மோதினார் எங்களைக் கூப்பிட்டார்.

"தம்பிமாரே, கலண்டர்ல மஃரிப் பிந்திரிக்கி. நான் போன்ல மாத்திட்டன். இது பழையதத்தான் காட்டுது. இதுக்கும் நோம்பு போல, அசையுதில்ல."

மஃரிப்தான் நோன்பு திறக்கும் நேரம். திரையைப் பார்த்து ஒருவர் முந்தி நோன்பு திறந்தால் அவர் நோன்பு போய்விடும். எங்கள் திரையும் போய்விடும்.

"நாம மாத்திப் பார்த்தமேடா?" என்றான் அவன்.

"ஓம். அஞ்சையும் சேத்து," என்றேன்.

சொன்ன பிறகுதான் விளங்கியது. ஐந்து நேரத்தையும் ஒரே கட்டாகக் கட்டி, அந்தக் கட்டுக்கு ஒரு டெக்கரேட்டர் வைத்திருந்தோம். சோதித்தபோதெல்லாம் கட்டையே புதிதாகக் கொடுத்தோம். மோதினார் அப்படிச் செய்பவர் அல்ல. கலண்டரைப் பார்த்து, மாறிய வேளையை மட்டும் மாற்றுவார். திரைக்கு முன் நேரம் எழுதும் மரப்பலகை இருந்த காலத்திலும் அவர் அப்படித்தான். கட்டுக்குள் ஒன்று மாறினாலும் கட்டு பழைய கட்டுத்தான். திரை அதைத் திரும்பிப் பார்க்காது.

தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யும் தொட்டியின் விளிம்பில் லெப்டொப்பை வைத்து உட்கார்ந்தோம்.

"கட்ட அவிழ்டா. அஞ்சுக்கும் தனித்தனியா அட் போடு."

போட்டேன். தலைவர் பின்னால் வந்து நின்றார். மோதினாரை மறுபடி மாற்றச் சொன்னோம். மஃரிப் மாறியது. தலைவர் கலண்டரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"சரி, வந்து இருங்க. பாங்குக்கு நேரமாகுது."

பெருநாளுக்கு முன்னமே மாவடிப்பள்ளி ஊரிலிருந்து, தங்கள் பள்ளிவாசலுக்கும் திரை கேட்டு ஆள் வந்தது. அன்றைக்கே அவன் ஏஜென்சிக்காரருக்குப் போன் எடுத்தான்.

"விசா வந்திரிக்கிடா, விசரா!" என்று அவர் கத்தியது எனக்கும் கேட்டது.

"வேற ஆருக்கும் குடுங்க காக்கா," என்றான்.

அதற்குப் பிறகு சில வருடம் இருந்தான். நல்ல வருடங்கள்.