டிரான்ஸ்பார்மர் எரிந்த பதினொன்றரை மணி

என் மனைவி உயிரோடு இருக்கிறாளா என்று எனக்கே தெரியாத இரண்டு நாட்கள், மற்றவர்களின் சொந்தபந்தங்கள் நலமாக இருக்கிறார்கள் என்று ஊருக்கெல்லாம் சேதி சொல்லிக்கொண்டிருந்தேன். நம் கிருத்திகை பஜனைக் குழுவின் மலரில் ஒவ்வொருவரும் முருகன் தமக்குச் செய்த உதவியை எழுதுகிறோம். மற்றவர்களுக்கு அவன் கொடுத்தான். என்னிடம் இருந்ததை எரித்தான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கூட்டிச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

கணபதி என்கிற ஊரில் மோட்டார் காயில் சுற்றும் பட்டறை வைத்திருக்கிறேன். அதோடு ஹாம் ரேடியோ உரிமமும் உண்டு. பொழுதுபோக்காக ரேடியோ வைத்துப் பேசுகிறவர்கள் நாங்கள். பட்டறையின் பின்னறையில் என் நிலையம் இருந்தது. பேசுவதற்கு நானே செய்த பெரிய பெட்டி, கேட்பதற்குக் கார் பேட்டரியில் ஓடும் பழைய மிலிட்டரி ரிசீவர். பேசும் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் டிரான்ஸ்பார்மரும் என் கையால் சுற்றியதுதான். கந்தசாமி சுற்றிய காயில் எரியாது என்று நாலு பேர் சொல்வார்கள். அந்த நாலு பேரில் நானும் ஒருவன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம், கந்த சஷ்டி விரத நாட்கள். நீலகிரியில் விடாத மழை. மலைச்சரிவுகள் இடிந்து விழுந்தன, தொலைபேசிக் கம்பங்கள் சாய்ந்தன, கோத்தகிரிக்கு அப்பால் இருந்த எஸ்டேட் ஊர்களுக்குப் போக்குவரத்து நின்றுபோனது. செவ்வாய்க்கிழமை ஒரு மருத்துவக் குழு மலைக்குக் கிளம்பியது. ஒரு டாக்டர், இரண்டு கம்பவுண்டர்கள், ஒரு நர்ஸ். அந்த நர்ஸ் என் மனைவி சரஸ்வதி. அவர்களோடு எங்கள் ஹாம் நண்பர் பாலு ஒரு சின்ன செட்டும் பேட்டரியும் எடுத்துக்கொண்டு போனார். கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்பவர், நாற்பது வயதுக்காரர். அவருடைய செட்டில் குரல் போகாது. புள்ளியும் கோடுமாக மோர்ஸ் தட்டத்தான் முடியும்.

வேனில் ஏறும்போது சரஸ்வதி சொன்னாள்: "ஏனுங்க, சாப்பாட்டுக்கு விரதம் இருக்கறீங்க, சரிங்க. வாய்க்கு எப்பங்க இருக்கப் போறீங்க?"

நான் அதிகம் பேசுவேன் என்பது அவளுடைய பழைய புகார். "நீ போய்ட்டு வா அம்மணி, பொறவு பாத்துக்கலாம்" என்றேன்.

நாங்கள் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரே அலைவரிசையில் பல ஊர்க்காரர்கள் வரிசையாகச் சேதி சொல்வதற்கு நெட் என்று பெயர். யார் எப்போது பேசுவது என்று சொல்கிறவர் கன்ட்ரோல். கன்ட்ரோல் கூப்பிடாமல் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. அந்த வாரம் நான்தான் கன்ட்ரோல். போத்தனூர், காங்கேயம், மேட்டுப்பாளையம், ஊட்டி என்று ஏழெட்டு நிலையங்கள். ஒவ்வொரு மணிக்கும் அரை மணிக்கும் நெட் தொடங்கும். கடிகார முள் சரியாக வந்ததும் நான் ஆரம்பிப்பேன். வணக்கம் சொல்லி, என் பெயரும் அழைப்புக் குறியும் சொல்லி, விதிகளை ஒருமுறை நினைவுபடுத்தி, நன்றியும் தெரிவித்து முடிக்க மூன்று நான்கு நிமிடம் ஆகும். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு நிலையமாகக் கூப்பிடுவேன்.

செவ்வாய் மாலை பாலுவிடமிருந்து ஒரு சேதி வந்தது. ஊர் போய்ச் சேர்ந்தோம் என்றார். அதோடு சரி. புதன்கிழமை முழுவதும் ஒன்றும் இல்லை. அந்த ஊரில் மறுபடியும் சரிவு விழுந்தது என்று ஊட்டி நிலையம் சொன்னது. குழு தங்கியிருந்த கட்டடம் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை.

பட்டறை வாசலில் ஆட்கள் நின்றார்கள். மகன் எஸ்டேட்டில் வேலை செய்கிறான், தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர் அது, அப்பா லாரியோடு போனவர் திரும்பவில்லை. ஒவ்வொருவரும் பெயரையும் ஊரையும் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். சீட்டுகளை அடுக்கி, பறக்காமல் இருக்க மேலே ஒரு பழைய பேரிங்கை வைத்தேன். வந்த வரிசைப்படி விசாரிப்பது வழக்கம். கன்ட்ரோல் தன் சொந்த விசாரணையைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். நானும் ஒரு சீட்டு எழுதினேன். 'சரஸ்வதி, நர்ஸ். நலமா? பதில் தேவை.' புதிய சீட்டு வரும்போதெல்லாம் என்னுடையதை உருவி மறுபடி அடியில் செருகினேன். புதன்கிழமை மாலைக்குள் எத்தனை முறை செருகினேன் என்று கணக்கில்லை. வருகிறவர்களிடம் தைரியமாக இருங்கள் என்று சொன்னேன்.

வியாழக்கிழமை காலை. பட்டறைச் சுவரில் சுவிட்ச் போர்டுக்கு மேலே சின்ன முருகன் படம் இருக்கிறது. சூடம் கொளுத்தி இரண்டு வேண்டுதல் வைத்தேன். ஒன்று, இந்தப் பெட்டி நிற்காமல் ஓட வேண்டும். இரண்டு, அவளைப் பற்றி ஒரு சேதி வர வேண்டும். இரண்டையும் நிறைவேற்றினால் மருதமலைக்கு நடந்தே வருகிறேன் என்றேன். அழுதுகொண்டே பேரம் பேசினேன், மறைப்பானேன்.

அன்று காலை பத்து மணிக்கும் பேசினேன். பத்தரைக்கும் பேசினேன். பதினொன்றுக்கும் பேசினேன். பாலுவின் அழைப்புக் குறியைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அரசு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேட்டுப்பாளையத்தில் அரிசியும் மருந்துமாக இரண்டு லாரிகள் தயாராக நின்றன. அந்த ஊருக்கு இரண்டு வழி, எதற்கும் மேற்கு வழியில் அனுப்பிப் பார்க்கலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினொன்றரை. முள் வந்தது. மைக்கைப் பிடித்து வணக்கம் என்றேன். வார்னிஷ் எரிகிற வாடை வந்தது. பெட்டிக்குள் மெல்லிய புகை. ஒரு உறுமல், அப்புறம் எல்லாம் அணைந்துவிட்டது. எரியாது என்று நான் சொன்ன காயில் எரிந்துபோனது.

அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்ததை எழுதத்தான் வேண்டும். படத்தைப் பார்த்து, "உனக்குக் கண்ணில்லையா முருகா, ரெண்டு கேட்டேன், இருந்ததையும் புடுங்கிப்போட்டியே" என்று கத்தினேன். வாசலில் நின்ற அத்தனை பேரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். விரதக்காரன் பேசுகிற பேச்சு இல்லை அது.

பிறகு நான் பேசவில்லை. பேச என்னிடம் பெட்டி இல்லை. அறை அமைதியானது. பேட்டரியில் ஓடிய ரிசீவர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், மிக மெலிதாக, மோர்ஸ்.

ஒவ்வொருவருக்கும் கையெழுத்து இருப்பது போல மோர்ஸ் தட்டுவதிலும் ஒரு கை உண்டு. பாலுவின் கை எனக்குத் தெரியும், கோடுகளைக் கொஞ்சம் இழுப்பார். பென்சிலை எடுத்தேன். எங்கள் வழக்கப்படி சுருக்கமான ஆங்கிலத்தில் வந்தது. பள்ளிக்கூடத்தில் எண்பது பேர். காயம் பதினொரு பேருக்கு. பிரசவ வலியில் ஒரு பெண், நர்ஸ் உடன் இருக்கிறார்.

அந்தக் குழுவில் ஒரே ஒரு நர்ஸ்தான்.

நான் அழுதேன். கை நின்றுபோனது. நின்றது நாலைந்து விநாடிதான், ஆனால் பாலு நிற்கவில்லை. மறுபடி பென்சில் ஓடத் தொடங்கியபோது மருந்து, கயிறு, அரிசி என்று வந்துகொண்டிருந்தது. பிறகு சத்தம் தேய்ந்து நின்றுவிட்டது. அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. நர்ஸ் என்ற சொல்லுக்குப் பிறகு இரண்டு அங்குலம் வெறும் தாள்.

பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு எழுந்தார். "சரிங்க, லாரிகளைக் கிளம்பச் சொல்றேன்" என்று வாசலுக்குப் போனார். ஒரு துண்டு விட்டுப்போனது எனக்குத் தெரியும். அது என்ன என்று யாரிடம் கேட்பது? கேட்கத்தான் பெட்டி இல்லையே.

அப்போது ரிசீவரில் காங்கேயம் நாச்சிமுத்துவின் குரல் வந்தது. எண்ணெய் மில் வைத்திருப்பவர். ஏரியலைத் தென்னை மரங்களுக்கு நடுவே கட்டியிருந்தார். கூப்பிடாமல் ஒரு சொல் பேசியறியாத மனிதர்.

"கன்ட்ரோல் கூப்புடாம பேசறனுங்க, எல்லாரும் மன்னிக்கோணுங்க. கணபதி செட்டு நின்னுபோச்சாட்ட இருக்குதுங்க. பாலு சேதி எனக்கு முழுசா வந்துச்சுங்க. படிக்கறனுங்க, எல்லாரும் எழுதிக்கோங்க."

படித்தார். நர்ஸ் உடன் இருக்கிறார் என்பதற்கு அடுத்த வரி: மேற்குப் பாலம் இல்லை, கிழக்கு வழியில் வரவும்.

நான் வெளியே ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை. அந்த அதிகாரியின் ஜீப் கிளம்பித் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. கட்டிய தொண்டையில் குரல் வரவில்லை, பானெட்டைக் கையால் அடித்து நிறுத்தினேன். லாரிகள் கிழக்கு வழியில் போயின. மேற்கு வழியில் இருந்த பாலம் இருட்டுகிற மாதிரியான மழையில் தூரத்திலிருந்து பார்த்தால் இருப்பது போலவே தெரியுமாம், நடுவில்தான் இல்லையாம். மலையிலிருந்து இறங்கியவர்கள் சொன்னார்கள்.

பன்னிரண்டு மணிக்கு நாச்சிமுத்து கன்ட்ரோல் ஏற்று நடத்தினார். பாலுவிடமிருந்து எதுவும் வரவில்லை. பன்னிரண்டரைக்கும் இல்லை. பதினொன்றரைக்கு வந்ததுதான் கடைசி, அதோடு பேட்டரி தீர்ந்துவிட்டது. நடந்தது என்னவென்று பாலு திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. செவ்வாய் இரவு மழையில் அவருடைய ரிசீவருக்குள் தண்ணீர் போய்விட்டது. எங்கள் குரல் ஒன்றும் அவருக்குக் கேட்கவில்லை. யாராவது கேட்கிறார்களா என்று தெரியாமலே, பேட்டரியை மிச்சம் பிடிக்க, நெட் தொடங்கும் நேரம் பார்த்து ஒவ்வொரு அரை மணிக்கும் மூன்று நிமிடம் மட்டும் தட்டியிருக்கிறார். புதன்கிழமை காலையிலிருந்து தட்டியிருக்கிறார். சரியாக அந்த மூன்று நிமிடமும் நான் பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் கருவிகளில் பேசும்போது கேட்க முடியாது. நான் முடிக்கும்போது அவரும் முடித்திருப்பார். என் மனைவியின் சேதியை ஒன்றரை நாள் மறைத்து வைத்திருந்தது மழையல்ல, மலையல்ல, நான்தான்.

நாச்சிமுத்துவைப் பிறகு நேரில் பார்த்தபோது கேட்டேன். உங்களுக்கு முன்பே ஏதாவது கேட்டதா?

"கேட்டுச்சுங்க. புதன்கெழம மத்தியானத்துலருந்தே, உங்க பேச்சுக்குப் பின்னால கீச்சு கீச்சுனு. என்னன்னு புரியலீங்க."

"ஏனுங்க ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா?"

"நீங்க பேசிட்டு இருந்தீங்களேங்க. உங்க சம்சாரம் வேற மலையில. உங்க செட்டுல கோளாறுன்னு சொன்னா மனசு நோகுமேன்னு உட்டுப்போட்டனுங்க."

அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். நம் ஊரில் மரியாதை கொஞ்சம் அதிகம்.

சரஸ்வதி திங்கட்கிழமை காலை வந்தாள். காலெல்லாம் வீங்கி, புடவை முழுக்கச் சேறு. பட்டறைக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்து, "பொண்ணுங்க. தாயும் புள்ளயும் நல்லா இருக்குதுங்க" என்றாள். அந்த எஸ்டேட் பிரசவத்தைத்தான் முதலில் சொன்னாள். அவளைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பேச வரவில்லை. எனக்குப் பேச வரவில்லை என்பதை அவள் கொஞ்ச நேரம் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

பிறகு மேசையைப் பார்த்தாள். பேரிங்குக்கு அடியில் ஒரே ஒரு சீட்டு மிச்சம் இருந்தது. எடுத்துப் படித்தாள். என் பென்சிலை வாங்கி, ஆஸ்பத்திரியில் காய்ச்சல் அளவு எழுதுகிற அதே சின்ன எழுத்தில், கீழே பதில் எழுதினாள். 'நலம். திங்கள், காலை 9.40.' கையெழுத்தும் போட்டாள்.

நான் மோட்டார் சுற்றுகிறவன். அந்தக் காயில் ஏன் எரிந்தது என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு நாள் ஓய்வு கொடுக்காமல் ஓட்டினேன், சூடேறியது, வார்னிஷ் உருகியது. இது தற்செயல்தான் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. எரிந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். பத்தரைக்கு எரியாமல், பன்னிரண்டுக்கு எரியாமல், பாலுவின் கடைசி மூன்று நிமிடத்தில் எரிந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியாது. இரண்டு வேண்டுதல் வைத்தேன். முதலாவதை அவன் மறுத்தால்தான் இரண்டாவதைக் கொடுக்க முடியும் என்பது அன்று காலை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மருதமலைக்கு நடந்தே போனேன். பேரத்தில் பாதிதான் நிறைவேறியது என்று கணக்குப் பார்க்கவில்லை.

இப்போதும் நெட் நடத்துகிறேன். முள் வந்ததும் ஒரு நிமிடம் பேசாமல் கேட்டுவிட்டுத்தான் மைக்கைத் தொடுகிறேன். அநேகமாக இரைச்சல்தான் இருக்கும். இருந்தாலும் கேட்கிறேன். ஏதாவது சத்தம் வந்தால் கூப்பிடாமலே சொல்லலாம் என்று விதியையும் மாற்றியாகிவிட்டது. காலையில் சூடம் கொளுத்தும்போதும் அப்படித்தான். முன்பெல்லாம் பட்டியல் வாசிப்பேன். இப்போது ஒன்றைச் சொல்லிவிட்டுச் சும்மா நிற்கிறேன்.

இத்தனை வருடத்தில் ஊரார் கொண்டுவந்த எத்தனையோ எரிந்த காயில்களைத் திரும்பச் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். அந்த டிரான்ஸ்பார்மரை மட்டும் நான் சுற்றவில்லை. கருகியபடியே முருகன் படத்துக்குக் கீழே இருக்கிறது. சரஸ்வதி வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் ஒரு பொட்டு வைக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் ஒருநாள் எதையோ பெரிதாக நம்பியிருக்கும்போது அது கண்ணெதிரே எரிந்துபோகலாம். கோபம் வந்தால் திட்டிவிடுங்கள். நானும் திட்டினேன், அவன் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. திட்டி முடித்ததும் உடனே அடுத்த வேண்டுதலை ஆரம்பித்துவிடாதீர்கள். ஒரு நிமிடம் சும்மா இருங்கள். அவன் அரை மணிக்கு ஒருமுறை உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கலாம்.