மஞ்சள் ஜல்லி

எங்கள் பெர்னிக் ஊரில் ஒருவர் இறந்துவிட்டால் அவர் படம் போட்ட தாளை வீட்டு வாசல் கதவில் ஒட்டுவோம். வருஷம் திரும்பினால் புதுத்தாள். போகிறவர் வருகிறவர் நின்று படித்து, ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போக வேண்டும். யோர்தாங்காவிடம் தாள் இருந்தது, கதவுதான் இல்லை.

அவள் எங்கள் கான்கிரீட் சோதனைக்கூடத்தில் கலவை போடுகிறவள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருப்பாள். புருஷன் பென்சோ பஸ் ஓட்டியவர், வசந்தத்தில் போய்விட்டார். அந்தக் கோடையிலேயே அடியிலிருந்த பழைய சுரங்கம் உள்வாங்கி, அவர்கள் குடியிருப்பு முழுக்க விரிசல் விட்டது. இடித்துவிட்டார்கள். அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு ஊராகப் போனார்கள். இவள் சோதனைக்கூடத்துக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில், ஒற்றைத் தட்டோடு ஒண்டிக்கொண்டாள்.

இடிபாடு எங்களிடமே வந்தது. அதை உடைத்து ஜல்லியாக்கி, அந்த ஜல்லியில் போட்ட கான்கிரீட் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். பிடித்தால் பள்ளிக்கூட மதிலுக்குப் போகும். வழுக்கினால் மொத்தமும் சுரங்கப் பள்ளத்துக்கு.

ஜல்லி அள்ளும்போது அவள் கை நின்றது. சில துண்டுகளில் மஞ்சள் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"எங்க அடுப்பங்கரைடா மெத்தோதி. மஞ்ச அடிச்ச வீடு எங்களது மட்டுந்தான். தரையெல்லாம் சிந்தி சிந்தி அவரே அடிச்சாரு."

கலவை போட்டோம், நடுவில் கம்பி செருகினோம், இறுகட்டும் என்று காத்திருந்தோம். இயந்திரம் இழுத்ததும் கம்பி வெண்ணெயிலிருந்து வருகிற கத்தி மாதிரி வந்துவிட்டது. பழைய ஜல்லி தாகக்காரன். ஊறவைக்காமல் போட்டால் கலவைத் தண்ணீரையெல்லாம் குடித்துவிடும், கம்பியில் பிடிப்பே இருக்காது. இது அவளுக்குத் தெரியாததா?

"ஊற வச்சியாக்கா?"

"வைக்கல. மஞ்ச கரைஞ்சிடுமேடா."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "சுண்ணாம்பக் காப்பாத்தப் போயி வீட்டையே பள்ளத்துல தள்ளப் பாக்கிறியே."

இன்ஜினியர் இன்னும் ஒரே ஒரு தடவைக்குச் சம்மதித்தார்.

இந்த முறை அவளே ஊறப் போட்டாள். தொட்டித் தண்ணீர் மஞ்சளானது. அதை என்னைக் கொட்டச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கட்டி இறுகியதும் இயந்திரம் மறுபடி இழுத்தது. அளவு முள் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கம்பிதான் அறுந்தது, கான்கிரீட் பிடியை விடவில்லை. இன்ஜினியர் மதிலுக்குச் சரி என்று சொல்லிவிட்டார். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அறுந்த கம்பியோடு அந்தக் கட்டியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பென்சோவின் வருஷத்தன்று அதைக் கூடத்து வாசலில் வைத்து, தாளை அதன்மேல் ஒட்டினாள். பக்கத்தில் ஒரு டப்பா நிறைய, இறந்தவர் பேரில் நின்று படிக்கிறவர்களுக்குக் கொடுக்க, சர்க்கரை போட்டு அவித்த கோதுமை. எங்கள் சந்தில் நாய்கூட வராது. மதியம்வரை காத்திருந்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"மெத்தோதி, ஒண்ணுந் தெரியாதவன் மாதிரி தெருவுலேர்ந்து நடந்து வாயேன். யாராச்சும் நின்னு படிக்கணுமில்ல."

தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன். நின்றேன். படித்தேன்.

"அதுக்குள்ள வருஷம் ஆயிடுச்சாக்கா?"

"ஆயிடுச்சுப்பா."

ஒரு கரண்டி கோதுமை என் கையில் போட்டாள். டப்பா அப்படியே நிறைந்துதான் இருந்தது. அவள் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோதுமையை வாயில் போட்டுக்கொண்டு, மறுபடி தெருமுனை வரை போய், வேறொரு ஆள் மாதிரி திரும்பி நடந்து வந்தேன்.